மில் காதுக்கு ஒரு கிராஸ்ஓவர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று சவுண்ட் சர்வீஸ் கடையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் வயிற்றைத் திறந்து பார்த்தேன்.

பில் போடவும் போன் எடுக்கவும்தான் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு மாதம் ஆகிறது. போன் அடித்தால் மூன்று முறை விட்டுப் பார்ப்பேன். அதற்குள் ஜெயக்கொடி அண்ணனே எடுத்துவிடுவார். அவர் கடை, அவர் போன்.

பெட்டி ரிப்பேருக்கு வந்தது. ஒரு பெட்டிக்குள் இரண்டு ஸ்பீக்கர். பெரியது ஊஃபர், தவில் மாதிரி கனமான ஒலிக்கு. சிறியது டுவீட்டர், ஜால்ராவுக்கும், பேச்சில் ‘ச’, ‘ட’, ‘க’ என்று வரும் கூரான சத்தங்களுக்கும். வருகிற ஒலியைப் பிரித்து, இது உனக்கு, இது உனக்கு என்று கொடுப்பது கிராஸ்ஓவர். காலேஜில் இதற்கு ஒரு பக்கக் கணக்குப் போட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை.

பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியூரிலிருந்து வாங்கிப் பொருத்திய பலகை அது. நடுவில் பெரிய செப்புக் காயில், பளபளவென்று. அதன் இரண்டு காலும் ஒரே தடத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. அதாவது காயில் வேலை எதுவும் செய்யவில்லை. அலங்காரத்துக்கு உட்கார்ந்திருக்கிறது.

யாரிடம் சொல்வது? ஒரு சீட்டில் எழுதி, ரிப்பேர் பெஞ்சில் அண்ணன் டீ கிளாஸ் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 4, புதன்

“யாருப்பா இது, எனக்கு லெட்டர் போட்டது?” என்று காலையிலேயே அண்ணன் சீட்டைத் தூக்கிக் காட்டினார். பெட்டி செய்யும் தங்கப்பழம் அண்ணாச்சி, “லவ் லெட்டரா இருந்தா மதினிகிட்ட குடுத்துருவோம்” என்றார்.

நான் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பாண்டிமீனா, நீயா தாயி? அஞ்சடி தூரத்துல இருந்துக்கிட்டு சீட்டு எழுதுற. பேசுனா வாய் வலிக்குமா?”

பிறகு அவர் பலகையைக் கழற்றிப் பார்த்தார். “நாலு வருசமா இதத்தான்யா மாட்டிக்கிட்டு இருக்கேன்” என்று தங்கப்பழம் அண்ணாச்சியிடம் சொன்னார்.

ஜூன் 9, திங்கள்

இன்று கடைக்குத் தோழர் வேலுத்தாய் வந்தார். நூல் மில் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். அம்மாவும் அந்தச் சங்கத்தில்தான் இருக்கிறாள். வேலுத்தாய் மெதுவாகப் பேசினாலே தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

“தோழர், எங்க மன்றத்துல மைக் இருக்கு, குழாய் ஸ்பீக்கர் இருக்கு, சத்தம் இருக்கு. பேச்சுதான் இல்ல. போன வருசம் பொதுக்குழுவுல நூத்தி நாப்பத்தெட்டு பேர வாசிச்சேன். இருக்கேன்னு சொன்னது அறுவது பேரு. மீதிப் பேரு எதிர்க்கயே உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு இருக்காங்க! ஆள் விட்டுத் தோளத் தட்டித் தட்டிக் கையெழுத்து வாங்குனோம். பேர் வாசிக்கவே மத்தியானம் ஆயிருச்சு.”

நான்கு பெட்டி வேண்டும். பொதுக்குழு ஜூலை 27. வாசித்த பேருக்குப் பதில் வந்தால்தான் பெட்டியை எடுத்துக்கொள்வார்களாம்.

அவர் போனதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார். “கிராஸ்ஓவர நாமளே போடுவோம். நீ போடு. சரியா வந்தா பில் புக்க வேற ஆள்கிட்ட குடுத்துட்டு பெஞ்சுக்கு வந்துரு. வரலைன்னா பழையபடி பலகை வாங்குவோம், என்ன?”

தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் “சரிண்ணே” என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

ஜூன் 11, புதன்

மாமா சென்னையில் எனக்கு வேலை பார்த்துவிட்டார். நாள் முழுக்கப் போனில் பேசுகிற வேலை. ஆகஸ்ட் 4 சேர வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி. சவுண்ட் சர்வீஸில் பில் போடவா என்கிறார். அவர் கேட்பது நியாயம்தான்.

அப்பா, “ஜூலை முடியட்டும், பாப்போம்” என்றார். பெஞ்ச் கிடைத்தால் நான் போக வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் போன்தான். அங்கே எனக்குப் பதிலாகப் போனை எடுக்க ஜெயக்கொடி அண்ணன் இருக்க மாட்டார்.

ஜூன் 14, சனி

கணக்கு முடிந்தது. எட்டு ஓம் ஸ்பீக்கர், மூவாயிரம் ஹெர்ட்ஸில் பிரிப்பு. அதற்குக் கீழே ஊஃபர், மேலே டுவீட்டர். கப்பாசிட்டர் 4.7, காயில் 0.6. கப்பாசிட்டர் கடையில் கிடைக்கும். காயில் கிடைக்காது, சுற்ற வேண்டும்.

மோட்டார் காயில் கட்டும் கடையில் செப்புக் கம்பி வாங்கினேன். சுற்றுவதற்கு உருளை? அம்மா மில்லிலிருந்து உடைந்த நூல் குழாய்கள் நாலைந்தைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு அங்குலம் அறுத்து, இரண்டு பக்கமும் தங்கப்பழம் அண்ணாச்சி கொடுத்த பிளைவுட் வட்டத்தை ஒட்டினேன். நூற்றிருபது சுற்று. எண்பதாவது சுற்றில் எண்ணிக்கை தவறிவிட்டது. பிரித்தேன். மறுபடியும் சுற்றினேன்.

“நூல் கோக்குற மாதிரியே சுத்துறா பாரு! மில்லுக்கு வந்திருந்தா இந்நேரம் மேஸ்திரிடி நீ!” என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா சொல்கிற எதுவும் ரகசியமில்லை.

ஜூன் 22, ஞாயிறு

முதல் பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. கடையில் வைத்துக் கேட்டால் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டு கருத்துக் கேட்பார்கள். அதனால் சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் கேட்டு வாங்கிவந்தேன் (சீட்டில்தான்). பாட்டு போடவில்லை. சங்கத்துக்கு வேண்டியது பேச்சு. ரேடியோச் செய்தி வைத்தேன்.

தீர்ப்புச் சொல்ல அம்மாவை உட்கார வைத்தேன். அம்மாவின் காதுக்கு மில்லில் மரியாதை உண்டு. எந்த மெஷினில் பேரிங் போகப்போகிறது என்று ஃபிட்டருக்கு முன்னால் அம்மா சொல்லிவிடுவாள். மெஷின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, “இதான்” என்பாளாம். அப்படிப்பட்ட காது.

அம்மா பெட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “சத்தம் நல்லா இருக்கு. ஆனா இந்த ஆளு என்ன சொல்றான்னே வெளங்கல. வாய்க்குள்ளயே பேசுறான். உன்ன மாதிரி.”

டுவீட்டர் போதவில்லை என்று அர்த்தம். அதன் முன்னால் நாலு ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தேன், சத்தத்தை அடக்க. அதை இரண்டாகக் குறைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு சமையலில் குக்கர் ஏழு விசில். பருப்பு கூழாகிவிட்டது. அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், “நீ சொல்ல வேண்டியதுதானடி!” என்று என்னைத் திட்டினாள். நான் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். என் குரல் அப்படி.

ஜூன் 29, ஞாயிறு

இரண்டு ஓமிலும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஓம். “இப்ப பரவால்ல.” கடைசியில் ரெசிஸ்டரையே எடுத்துவிட்டேன். டுவீட்டரைத் தடுக்க இப்போது எதுவும் இல்லை.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இந்தா! இப்பதான் பேசுறான்! மேட்டூர் அணையோட நீர்மட்டம்னு சொல்றான்!” என்று ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பச் சொன்னாள். முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. செய்தி முடிந்ததும், “இன்னொரு தரம் வையி” என்றாள். அது ரேடியோ, திரும்ப வராது என்றேன். “என்னது?” என்றாள்.

எனக்கு அந்தப் பெட்டி கொஞ்சம் குத்துகிற மாதிரி இருந்தது. என் காது பழகாத காது. அம்மா சரி என்றால் சரி.

ஜூலை 5, சனி

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கடையில் பெட்டியை வைத்தேன். அண்ணன் மைக்கைப் பிடித்து, “ஹலோ, செக், செக்” என்றார். தங்கப்பழம் அண்ணாச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். எதிர் டீக்கடையிலிருந்து, “எண்ணே, தகரத்த அறுக்கீங்களா?” என்று ஒருவர் கேட்டார். ஒவ்வொரு ‘ச’வும் ஆணி மாதிரி வந்தது. வீட்டில் சின்ன ஆம்ப்ளிஃபையரில் தெரியாதது இங்கே தெரிந்துவிட்டது.

“தாயி, கணக்கு எங்கயும் இடிக்குதா?” என்று அண்ணன் மெதுவாகத்தான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

கணக்கு இடிக்கவில்லை. வரும் வழியெல்லாம் மனதுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். கணக்கில் இல்லாத ஒன்றே ஒன்றை மட்டும்தான் நான் சேர்த்தேன், அம்மாவின் காதை.

ஜூலை 6, ஞாயிறு

போனில் ஒற்றைச் சுருதியாக ஒலி எழுப்புகிற ஆப் ஒன்று இருக்கிறது. பெட்டியில் இணைத்து, சாதாரணப் பேச்சுச் சத்தத்தில் வைத்தேன். “அம்மா, சத்தம் கேட்டா கையத் தூக்கு.”

“இது என்ன வெளாட்டு?” என்றாலும் உட்கார்ந்தாள். ஐந்நூறு, கை உயர்ந்தது. ஆயிரம், உயர்ந்தது. இரண்டாயிரம், யோசித்து உயர்ந்தது. மூவாயிரம் வைத்தேன். எனக்குப் பல் கூசியது. அம்மா காத்திருந்தாள். நாலாயிரம். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

ஒலியை நிறுத்திவிட்டு, அதே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். மறுபடியும் கையைத் தூக்கினாள்.

“அம்மா, காலண்டரப் பாத்துத் திரும்பி உக்காரு.”

மூவாயிரம். நாலாயிரம். ஆறாயிரம். காலண்டரில் இருந்த முருகனைப் பார்த்தபடி அம்மா அமைதியாக இருந்தாள். “சத்தம் போடாம எதுக்குடி உக்கார வச்சிருக்க?” என்றாள்.

நிறுத்திவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தேன். அவளுக்குக் கேட்கிற மாதிரி, வாய் தெரிகிற மாதிரி, சொன்னேன். அவளுக்குப் பெரிய ஆச்சரியமில்லை.

“இருபத்தாறு வருசம் மெஷினுக்குப் பக்கத்துலயே நிக்கேன். எங்க லைன்ல யாருக்குடி கேக்குது? வாயப் பாத்துப் பேசிக்குவோம். தூரத்துல இருந்தா கையக் காட்டிக்குவோம்.”

“பேரிங் போறது எப்படித் தெரியுது?”

“கைய வச்சா அதிருமுல்ல!”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“எனக்கு எப்படித் தெரியும்? நீதான் மெதுவாப் பேசுற புள்ளன்னு நெனச்சேன்.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். ‘முழுங்காதடி, வாயத் தொறந்து பேசு’ என்பதை எத்தனை தரம் கேட்டிருப்பேன். என்னிடம்தான் ஏதோ குறை என்று ஸ்கூலிலும் வாயைத் திறக்கவில்லை, காலேஜிலும் திறக்கவில்லை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பிறகு நிறுத்தவே முடியவில்லை. அப்பா வந்து, “என்ன, என்ன?” என்று கேட்டதற்கு, “உம் மக ஊமையில்லையாம், நாந்தான் செவிடாம்!” என்று அம்மா தெருவுக்கே அறிவித்தாள்.

ஜூலை 7, திங்கள்

தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்தான்.

ஜூலை 9, புதன்

இரண்டு பக்கத்துக்குச் சீட்டு எழுதி பெஞ்சில் வைத்தேன். அண்ணன் எடுத்துப் பார்த்துவிட்டு, “கண்ணாடி வீட்ல இருக்கு. சொல்லு” என்று திருப்பித் தந்தார். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

சொன்னேன். “அண்ணே, பெட்டி நம்ம காதுக்குத்தான் தப்பு. அந்த மன்றத்துல உக்காரப்போறது யாரு?”

“மில்லுக்காரங்க.”

“அவங்களுக்கு மேல் ஒலியக் கூட்டிக் குடுத்தாத்தான் கேக்கும். சத்தத்தக் கூட்டுனா ஊஃபர்தான் கத்தும், வார்த்தை தெளியாது. டுவீட்டரத்தான் தூக்கணும். எங்கம்மாவுக்கு இந்தப் பெட்டியில செய்தி வெளங்குது.”

வெளியே இரண்டு பஸ் போயின. அவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன் போல.

தங்கப்பழம் அண்ணாச்சி இழைப்புளியைக் கீழே வைத்தார். “எங்க வீட்டுக்காரியும் மில்லுதான். நான் பேசுறது எதுவுமே காதுல விழாத மாதிரி இருப்பா. இருவது வருசமா வேணும்னே செய்யுறான்னு சண்ட போட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “அதுல பாதி வேணும்னேதான்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அண்ணனுக்கு ஒரு சந்தேகம். “மன்றத்துக்குச் சின்னஞ்சிறுசுகளும் வருமே? அதுக காத என்ன செய்ய?”

சீட்டின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டேன். அந்தக் கேள்வி என்னிடம்தான் கேட்கப்பட்டது.

ஜூலை 19, சனி

அண்ணன் கேட்டதற்குப் பதில் ஒரு சாதாரண சுவிட்ச். பெட்டியின் முதுகில் வைத்துவிட்டேன். கீழே தட்டினால் ஒலி ரெசிஸ்டர் வழியாகப் போகும், டுவீட்டர் அடங்கும். மேலே தட்டினால் ரெசிஸ்டரைத் தாண்டிப் போகும். மன்றத்தில் நான்கு பெட்டிக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

எல்லா முனையையும் நானே பற்றவைத்தேன். பெட்டிக்கு இரண்டாக எட்டு காயில். இப்போது எண்ணிக்கை தவறுவதில்லை. விரல் நுனியில் இரண்டு கொப்புளம்.

சுவிட்சுக்குப் பெயர் வேண்டும் என்றார் அண்ணன். நான் இங்கிலீஷில் ஏதோ யோசித்துக்கொண்டிருக்கும்போதே தங்கப்பழம் அண்ணாச்சி மார்க்கரை எடுத்து, மேலே ‘மில் காது’ என்றும் கீழே ‘வீட்டுக் காது’ என்றும் எழுதிவிட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே மன்றத்துக்குப் போய்விட்டோம். நீளமான கூடம், தகரக் கூரை. மேடையருகே இரண்டு பெட்டி, வீட்டுக் காதில். நடுக்கூடத்தில் இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொன்று, மில் காதில். அந்த இரண்டுக்கும் நடுவே மில் தோழர்களுக்கு நாற்காலிகளைப் போடச் சொன்னேன். வாயால்தான் சொன்னேன்.

பத்து மணிக்குக் கூடம் நிறைந்தது. மில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்தால் அந்தச் சத்தத்துக்கே தனியாக ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அம்மா நாலாவது வரிசை. எல்லாரிடமும் பெட்டியைக் காட்டிக் கையால் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். நூற்றிருபது சுற்று என்று சொல்கிறாள் என்று புரிந்தது.

தோழர் வேலுத்தாய் வருகைப் பதிவேட்டோடு மேடைக்கு வந்தார். மைக்கைத் தொட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, கீழே ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

“ஏ புள்ள, நீ வந்து வாசி.”

“நானா?”

“நான் வாசிச்சா மைக்கே வேண்டாம், பாதிப் பேருக்குக் கேட்டுரும். அப்புறம் பெட்டியால கேட்டுச்சா என்னால கேட்டுச்சான்னு எப்படித் தெரியும்? மெதுவாப் பேசுற ஆளு வாசிக்கணும். உன்ன விட மெதுவா இந்த ஊர்ல யாரு இருக்கா?”

கூடம் சிரித்தது. அண்ணனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையேறினேன். கத்தலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கத்தினால் சோதனை பொய். என் கணக்கை நான் நம்புகிறேனா இல்லையா?

எப்போதும் பேசுகிற குரலில் வாசித்தேன்.

“தோழர் அழகுத்தாய்.”

மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா பெட்டியைத் திரும்பிப் பார்த்தார், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்ட மாதிரி. “ஏ, எம் பேருல்லா அது!” என்றார். பிறகு எழுந்தே நின்றுவிட்டார். “இருக்கேன்! இருக்கேன்!”

“தோழர் இருளாயி.”

“இருக்கேன்.”

“தோழர் கருத்தம்மாள்.”

“இருக்கேன் தாயி.”

அதற்குப் பிறகு ஒரு பெயர், ஒரு பதில். சிலர் அவசரப்பட்டு அடுத்தவர் பெயருக்கும் இருக்கேன் என்றார்கள், சும்மா, கேட்கிறது என்று காட்டுவதற்காக. “ஒன்ன யாருடி கூப்பிட்டா? நீ இருக்குறதுதான் ஊருக்கே தெரியுமே!” என்று ஒருவர் அதட்ட, கூடமே சிரித்தது. நூற்று நாற்பத்தெட்டுப் பேரில் நூற்று முப்பத்தொன்பது பேர் இருக்கேன் என்றார்கள். மீதி ஒன்பது பேர் உண்மையாகவே வரவில்லை. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. இப்படிச் சீக்கிரம் முடியும் என்று யாரும் எதிர்பார்க்காததால் டீ இன்னும் கொதிக்கவில்லை.

பெட்டிகளை அவர்கள் கழற்றவே விடவில்லை. பெஞ்சில் எனக்கு எந்த உயரத்தில் ஸ்டூல் வேண்டும் என்று தங்கப்பழம் அண்ணாச்சி வேனிலேயே அளவெடுத்துக்கொண்டார். மாமாவுக்கு அப்பா போன் செய்து சொல்லிவிட்டார். “அவ இங்கயே நெறையப் பேசிக்கிட்டு இருக்கா, சென்னைக்கு வேற எதுக்கு?” என்றாராம். வியாழக்கிழமை அம்மாவைக் காது டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். காது மெஷின் வாங்க வேண்டியிருக்கும் என்றேன். “அதுக்குள்ளயும் நீதான் சுத்தணுமா?” என்றாள்.

ஒன்றை மட்டும் கடைசியில் எழுத வைத்திருந்தேன்.

அம்மாவின் பெயர் அந்தப் பதிவேட்டில் எங்கேயோ வரும் என்று தெரியும். எங்கே என்று தெரியாது. பக்கத்தைத் திருப்பியதும் முதல் வரியில் இருந்தது. தொண்ணூற்று மூன்று. அம்மாவின் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஸ்கூல் ஃபாரத்தில் எழுதியிருக்கிறேன். சொன்னதில்லை. வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம். தாண்டிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் தாண்டினால் அவள் வராதவள் ஆகிவிடுவாள்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவரின் புடவை முனையில் ஏதோ முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, குனிந்திருந்தாள். என் வாயும் முகமும் அவளுக்குத் தெரியாது.

“தோழர் சீனியம்மாள்” என்றேன். மெதுவாகத்தான்.

குனிந்தபடியே, “இருக்கேன்” என்றாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

அடுத்த பெயர் செண்பகவள்ளி. அவரும் இருந்தார்.